வாரம் ஒரு தலைப்பு, ஒரு படம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பத்து வருடப் பயணப் படங்கள் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கின்றன. இப்போது அதிகம் வெளியே போக முடிவதில்லை. கையில் ஃபோன் மட்டும்தான். நண்பர்கள் சிலர் வாராவாரம் ஒரு தலைப்பு வைத்துப் படம் பகிர்கிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். இந்த வாரத் தலைப்பு 'கதவு'. பழைய படத்தைப் போடலாமா, புதிதாகத்தான் எடுக்க வேண்டுமா? வீட்டுக்குள் இருந்துகொண்டு எதை எடுப்பது? நாலு வாரத்தில் விட்டுவிடாமல் இருக்க என்ன வழி?

பதில்:

தயங்காமல் சேருங்கள். ஒன்பது வருடமாக இப்படிப்பட்ட குழுக்களில் படம் பகிர்ந்து வருகிறேன். அதில் நாலு வருடம் ஒரு சிறு குழுவுக்குத் தலைப்பு சொல்லும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. சேர்கிற எல்லோருக்கும் முதலில் ஒன்றைத்தான் சொல்வேன். தலைப்பு வந்த உடனே படம் தேடாதீர்கள். இரண்டு மூன்று நாள் அந்தச் சொல்லைக் கண்ணில் வைத்துக்கொண்டு வழக்கம்போல் நடமாடுங்கள். 'கதவு' என்ற சொல்லோடு மூன்று நாள் இருந்தவருக்கும், கடைசி நாள் இரவு கேலரியில் 'கதவு' என்று தட்டித் தேடியவருக்கும் கிடைக்கும் படங்கள் ஒன்றுபோல் இருக்கவே இருக்காது.

பழையதா புதியதா என்ற கேள்வி இந்த வழக்கம் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. 2002இல் தொடங்கிய டிபிசேலஞ்ச் என்ற புகைப்படப் போட்டி இணையதளத்தில் அந்தந்தச் சவாலுக்கான நாட்களுக்குள் எடுத்த படத்தைத்தான் அனுப்பலாம், மற்றவர்கள் அதற்கு மதிப்பெண் போடுவார்கள். கையைப் பழக்க இது நல்ல முறை. இன்னொரு மரபு, வலைப்பதிவுத் தளமான வேர்ட்பிரஸ் நடத்திய வாராந்திரப் புகைப்படச் சவாலுடையது. அங்கே பழையதும் புதியதும் கலந்து வரும், பரிசு கிடையாது. 2018 மே மாதத்தோடு அது நின்றது. அதில் பழகியவர்கள் நாலு பேர் சேர்ந்து அதே ஆண்டு ஜூலையில் 'லென்ஸ் ஆர்டிஸ்ட்ஸ்' என்ற பெயரில் தாங்களே வாராவாரம் தலைப்பு கொடுக்கத் தொடங்கினார்கள். நடத்திய நிறுவனம் கைவிட்ட பிறகும் ஆட்கள் விடவில்லை. மதிப்பெண்ணுக்காக வந்திருந்தால் இது நடந்திருக்காது. பிறர் எடுத்ததைப் பார்ப்பதும், தான் எடுத்ததை நாலு பேர் நின்று பார்ப்பதும் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

உங்கள் குழுவில் இதற்கு விதி எதுவும் இல்லையென்றால் இரண்டையும் செய்யுங்கள். முதல் சில மாதங்களுக்கு வாரம் ஒரு பழைய படம், ஒரு புதிய படம் என்று ஜோடியாக எடுத்து வையுங்கள். அனுப்புவது எதுவாகவும் இருக்கட்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் முக்கியம். அன்று வேற்றூரில் நின்று நீங்கள் எதைப் பார்த்தீர்கள், இன்று வீட்டில் எதைப் பார்க்கிறீர்கள் என்பது அப்போதுதான் புலப்படும்.

பழைய படங்களைத் தோண்டுவதில் ஒரு பழக்கம் வேண்டும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் நாம் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்திருப்போம். ஐந்நூறு, ஆயிரம் படங்களிலிருந்து முப்பது நாற்பதைப் பொறுக்கி, அவற்றை மட்டும் எல்லோருக்கும் காட்டியிருப்போம். மிச்சத்தைத் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டோம். அன்று நாம் பொறுக்கியது 'இந்த ஊருக்குப் போனேன்' என்று சொல்வதற்காக. வாரத் தலைப்பு வேறொரு கேள்வியைக் கேட்கிறது. அதனால் அதற்கான பதில் பெரும்பாலும் அந்த மிச்சத்தில்தான் இருக்கும்.

ஒரு வாரம் எங்கள் தலைப்பு 'கை'. அப்பாவோடு போன ஒரு மலைப்பயணத்தின் படங்களைத் திறந்தேன். பள்ளத்தாக்கு, மேகம், வளைந்து இறங்கும் சாலை என்று நான் அப்போதே எடுத்து வைத்த நாற்பதில் ஒரு கைகூட இல்லை. ஒதுக்கியவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தபோது, பேருந்து ஜன்னல் வழியாகப் பள்ளத்தாக்கை எடுத்த ஒரு படத்தின் இடது ஓரத்தில் அப்பாவின் கை இருந்தது. முன் இருக்கையின் கம்பியைப் பிடித்திருக்கிறார். விரல் முட்டிகள் நாலும் வெளுத்திருக்கின்றன. ஃபோகஸ் மலையில் இருந்ததால் கை சற்று மங்கல். அந்த வளைவுகளில் அவர் பயந்துபோயிருந்தார் என்பது பக்கத்து இருக்கையில் இருந்த எனக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. கை மட்டும் தெரியும்படி க்ராப் செய்து, மங்கலை அப்படியே விட்டு அனுப்பினேன். எட்டு வருடம் என்னிடமே இருந்த படம் அது.

அதனால் தேடும்போது 'நல்ல' படங்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றைப் பாருங்கள். ரயில் நிலையத்தில் காத்திருந்தபோது எடுத்தது, தங்கிய அறையின் ஜன்னல், வழியில் கூட வந்தவர் செருப்பைச் சரிசெய்ய உட்கார்ந்தது, கை தவறி ஷட்டர் விழுந்தது எல்லாம் அங்கேதான் இருக்கும். ஃபோனின் தேடல் வசதி கதவு, நாய், கடல் போன்ற பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். 'காத்திருப்பு', 'மிச்சம்', 'நடுவில்' என்று தலைப்பு வந்தால் அது கைகொடுக்காது. ஒரு வாரத்துக்கு ஒரு பயணம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படங்களைச் சிறிதாக்கி வேகமாக ஓடவிட்டு, கண் தடுக்கும் இடத்தில் குறி போட்டுக்கொண்டே போங்கள். இருபது நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். மொத்த ஹார்டு டிஸ்க்கையும் ஒரே நாளில் புரட்டினால் கண் மரத்துவிடும், எல்லாம் ஒன்றுபோல் தெரியும்.

இனி வீட்டுக்குள் எதை எடுப்பது என்ற கேள்வி. இன்றைக்கு மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படம், 1826 அல்லது 1827இல் பிரான்ஸில் நிசெஃபோர் நியெப்ஸ் எடுத்தது, அவர் வீட்டு மேல்மாடி ஜன்னலிலிருந்து தெரிந்த காட்சிதான். எதிரே கூரை, பக்கத்தில் கட்டடச் சுவர், அவ்வளவே. செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் யோசெப் சுடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ப்ராக் நகரம் நாஜிகளின் பிடியில் இருந்த 1940இல் தன் ஸ்டுடியோவின் ஜன்னலைப் படமெடுக்கத் தொடங்கி 1954 வரை அதை விடவில்லை. கண்ணாடியில் பனி படிந்த நாள், நீர் வழிந்த நாள், வெளியே ஒரு கோணல் மரம் இலையோடும் இலையில்லாமலும் நின்ற நாள் என்று அந்த ஒரே ஜன்னல் பதினான்கு வருடம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸின் கதை உங்கள் கேள்விக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. அவருடைய உருவப்படங்கள் நன்றாக வருவதற்கு, எதிரே உட்காருபவர்மேல் அவருக்கு இருக்கும் வசியம்தான் காரணம் என்று ஒருவர் எழுதினார். எடுக்கப்படும் பொருளால் படம் நிற்பதில்லை என்று காட்ட நினைத்த ஸ்டீக்லிட்ஸ் 1922இல் கேமராவை மேகங்களின் பக்கம் திருப்பினார். மேகத்தை யாரும் வசியம் செய்ய முடியாது, அது எல்லோர் தலைக்கு மேலும் இருப்பது. அந்த வரிசையைப் பத்து வருடத்துக்கும் மேல் தொடர்ந்தார்.

பயணத்தில் பாதி வேலையை இடமே செய்து கொடுத்துவிடுகிறது. புது ஊர், புது வெளிச்சம், புது முகங்கள் என்று பார்ப்பதெல்லாம் கண்ணை இழுக்கும். வீட்டில் அந்த உதவி இல்லை, முழு வேலையும் நம்முடையது. அதனாலேயே வீட்டில் எடுக்கும் படங்களால்தான் கண் வளரும் என்று உறுதியாகச் சொல்வேன். வீட்டுத் தலைப்புகளில் ஒரு வருடம் பழகிவிட்டுப் பயணம் போனவர்கள் கொண்டுவரும் படங்களைப் பார்த்திருக்கிறேன். அஞ்சலட்டைகளில் வரும் காட்சிகள் அவற்றில் குறைந்திருக்கும், அந்த ஊரில் மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது கூடியிருக்கும்.

எங்கள் குழுவில் 'அசைவு' என்று ஒரு தலைப்பு வந்தது. ரயில், அருவி, ஊஞ்சல், ஓடும் குழந்தை என்று வரிசையாக வந்தன, எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. ஒருவர் மட்டும் மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்திருந்தார். காலை வெயில் தம்ளர் தண்ணீர் வழியாகப் போய்ச் சுவரில் ஒரு வெளிச்ச வளையமாக விழுந்திருக்கிறது. அறையில் யாராவது நடந்தால் மேசை லேசாக அதிரும், தண்ணீர் நடுங்கும், சுவரில் வளையம் கலையும். மூன்று படங்கள் அனுப்பியிருந்தார். முதலில் முழு வளையம், அடுத்ததில் நடுவில் நெளிந்தது, கடைசியில் நூல் நூலாகப் பிரிந்தது. நடந்தவர் படத்தில் இல்லவே இல்லை. தினமும் அந்த மேசையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தவர்தான், அந்த வாரம்தான் சுவரைப் பார்த்ததாக எழுதியிருந்தார்.

தலைப்பைப் படிக்கும் விதத்துக்கு வருகிறேன், என் அனுபவத்தில் பாதி வேலை அதில்தான் இருக்கிறது. 'கதவு' என்றதும் முதலில் தோன்றுவது செதுக்கு வேலை செய்த பழைய பெரிய கதவு, அல்லது பளிச்சென்று வண்ணம் அடித்த கதவு. எல்லோருக்கும் அதுதான் தோன்றும், எல்லோரிடமும் அப்படி ஒரு பயணப் படமும் இருக்கும். அதை அனுப்பினால் தவறில்லை, ஆனால் பத்து கதவுகள் வரிசையாக வரும்போது உங்களுடையது எது என்று யாருக்கும் நினைவிருக்காது. முதலில் தோன்றியதை ஒரு தாளில் எழுதி ஓரமாக வையுங்கள். பிறகு, கதவு என்ன செய்கிறது என்று கேளுங்கள். திறக்கிறது, மூடுகிறது, மறைக்கிறது, காக்கிறது, தேய்கிறது, முனகுகிறது, யாரையோ உள்ளே விட்டு யாரையோ வெளியே நிறுத்துகிறது.

இந்த வினைச்சொற்களோடு உங்கள் வீட்டுக் கதவுக்கு முன்னால் போய் நில்லுங்கள். தாழ்ப்பாளைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு மட்டும் பெயின்ட் போயிருக்கும். அத்தனை வருடமாக எத்தனை கைகள் பட்ட இடம் அது! கீல் தளர்ந்து கதவு இறங்கியிருந்தால் தரையில் கால்வட்டமாக ஒரு கீறல் இருக்கும். குழந்தைகள் வளர்ந்த வீடு என்றால் நிலையில் பென்சில் கோடுகள் இருக்கலாம், பக்கத்தில் தேதியோடு. ராத்திரி உள்ளே விளக்கு எரியும்போது கதவுக்கு அடியில் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். யாராவது குறுக்கே நடந்தால் அந்தக் கோடு இரண்டு இடத்தில் அறுபடும், அவருடைய இரண்டு கால்கள். இத்தனையும் கதவுதான்.

எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கும் ஓர் அளவு வேண்டும். படத்துக்கும் தலைப்புக்கும் உள்ள தொடர்பைப் புரியவைக்க நாலு வரி விளக்கம் தேவைப்பட்டால் படம் தலைப்பைத் தொடவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். கடலைப் போட்டுவிட்டு 'மனதின் கதவு' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. வினைச்சொல்லில் இருந்து விலகிப் போங்கள், உவமையில் ஏறிப் போகாதீர்கள். நான் தலைப்பு கொடுத்தபோதும் இதே எண்ணம்தான். ஒரு வாரம் கையால் தொடக்கூடிய பொருள், அடுத்த வாரம் ஒரு குணம், சொரசொரப்பு, ஒழுங்கு மாதிரி, அதற்கடுத்து 'காத்திருப்பு' போல ஒரு நிலை என்று மாற்றி மாற்றிக் கொடுப்பேன். 'அழகு', 'வாழ்க்கை' என்று கொடுத்த வாரங்களில் எதை வேண்டுமானாலும் போடலாம் என்றாகிவிட்டது. படங்கள் சோர்ந்து வந்தன.

ஃபோன் போதுமா என்றால், போதும். ஃபோனின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் அகலமானது, கதவின் பக்கத்தில் நின்று மேலே சாய்த்து எடுத்தால் நிலையின் இரு பக்கமும் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். இரண்டடி பின்னால் போய், ஃபோனைக் கதவுக்கு இணையாகப் பிடித்து, திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு எடுங்கள். வெளிச்சம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது, இரண்டே நிமிடத்தில் தன் அகலத்தின் அளவு இடம் மாறிவிடுகிறது. கதவு இடுக்கில் விழும் ஒரு கீற்று வெயில் தாழ்ப்பாளைத் தொடும் நேரம் அவ்வளவு குறுகியது. நாளைக்கும் கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு வரும் என்பதுதான் வீட்டில் இருப்பவருக்குக் கிடைக்கும் வசதி. பயணிக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதில்லை. ஒரு நாள் பார்த்து வைத்து, மறுநாள் ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் நில்லுங்கள்.

அனுப்பும்போது ஒரு படம் போதும். தம்ளர் படம்போல வரிசை தேவைப்படும் வாரங்கள் உண்டு, அவை குறைவு. எட்டு படம் போட்டால் பார்ப்பவர் எதிலும் நிற்க மாட்டார், எது நன்றாக வந்திருக்கிறது என்று முடிவெடுக்கும் பழக்கமும் நமக்கு வராது. கூட எழுதும் வரியில் படத்தில் தெரிவதையே திரும்பச் சொல்ல வேண்டாம். 'பழைய மரக்கதவு' என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அந்தக் கதவு எந்த நேரத்தில் திறந்திருக்கும், யார் திறப்பார், நீங்கள் ஏன் நின்றீர்கள் என்பதில் ஒன்றைச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஃபோனில் எடுக்கும் படத்துக்குள் எக்ஸிஃப் என்ற பெயரில் தேதி, நேரம், லென்ஸ் விவரத்தோடு, இருப்பிட வசதி இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் பதிந்திருக்கும். வீட்டுக் கதவைப் பொதுவெளியில் போடும் வாரத்தில் அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். பயணத்தில் இருக்கும்போதே பயணப் படம் போட வேண்டாம், வீடு பூட்டியிருக்கிறது என்று ஊருக்குச் சொன்னதாகிவிடும். அடுத்தவர் வாசலில் நிற்பவரை எடுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளின் முகத்தைப் பெற்றோரைக் கேட்காமல் பகிரவே வேண்டாம்.

பிறர் படத்துக்கு என்ன சொல்வது என்பதை யாரும் கேட்பதில்லை, ஆனால் குழு நிலைப்பதும் கலைவதும் அதில்தான். 'சூப்பர்', 'அருமை' என்று பத்து பேருக்கு எழுதுவதைவிட, இரண்டு பேருடைய படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். 'கீழே இடது மூலையில் இருக்கும் அந்த ஒற்றைச் செருப்பு எனக்குப் போதும்' என்று ஒருமுறை ஒருவர் எனக்கு எழுதினார். அந்தச் செருப்பு படத்தில் இருப்பதை அதுவரை நான் கவனித்திருக்கவில்லை. அந்த ஒரு வரிக்காக அடுத்த வாரமும் படம் எடுத்தேன்.

விட்டுவிடாமல் இருப்பது பற்றி. ஜேமி லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்கர் 1979 மார்ச் 31 தொடங்கி 1997 அக்டோபர் 25, தான் இறந்த நாள் வரைக்கும், நாளுக்கு ஒரு போலராய்டு படம் (எடுத்த உடனே அச்சாகி வரும் படம்) என்று எடுத்தார். 6,000க்கும் மேற்பட்ட படங்கள். சாப்பாட்டு மேசை, நண்பர்கள், சில நாட்களில் சிறப்பாகச் சொல்ல ஒன்றுமே இல்லாத படங்கள், கடைசியில் மருத்துவமனை. ஒவ்வொரு நாளும் நல்ல படம் வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் முதல் மாதமே நின்றிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றும். உங்களுக்கு வாரம் ஒன்றுதான். ஆறாம் ஏழாம் வாரத்தில் ஒரு சலிப்பு வரும், எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் சுமாரான படத்தை அனுப்புங்கள், அனுப்பாமல் விடாதீர்கள். ஒரு வாரம் தவறிப்போனால் போகட்டும். அடுத்த வாரம் இரண்டாகச் சேர்த்துக் கடனை அடைக்க நினைத்தவர்கள்தான் பெரும்பாலும் நின்றுபோனார்கள். குழுவில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், தலைப்பு சொல்லும் பொறுப்பும் ஆளுக்கு ஒரு வாரமாகச் சுற்றி வரட்டும்.

இந்த வாரத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். ஏதாவது ஒரு பயணத்தின் படங்களை எடுத்து, கதவை நோக்கி எடுத்தவற்றை விட்டுவிட்டு, தற்செயலாகக் கதவு வந்து விழுந்தவற்றை மட்டும் பொறுக்குங்கள். வீட்டில் எந்தக் கதவை அதிகம் பயன்படுத்துகிறீர்களோ அதற்கு முன்னால் காலை, மாலை, இரவு மூன்று நேரமும் ஐந்து நிமிடம் நில்லுங்கள், முதல் நாள் ஃபோனை எடுக்காமல். இரண்டிலும் தேறியதில் ஒன்றை வியாழக்கிழமைக்குள் முடிவு செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை முழுக்க அதைத் திறக்காமல் இருங்கள். சனிக்கிழமை காலையில் பார்க்கும்போதும் கண் அதில் நின்றால் அனுப்பிவிடுங்கள்.